பெருக்கினால் வாட்! வகுத்தால் ஓம்!
நெய்வேலி மின்சாரம் சொல்லித் தரும் கணக்கு

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பான ஒரு பொருளும் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி!

1956-ல் அங்கே நிலக்கரிக் கழகம் அமைந்தது. 1962-ல் அந்தக் கரியிலிருந்து மின்சாரம் பிறந்தது. சோவியத் யூனியனின் உதவியுடன் அங்கே அமைந்த முதல் மின் நிலையம் அது.

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணக்குக்கு அடங்கும்.

முட்டும் தண்ணீர்

நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியிலும் தண்ணீர் இருக்கிறது. அது மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. இரவு பகலாகப் பம்புகள் அதை இறைக்கின்றன. இல்லாவிட்டால் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்துவிடும்!

மின்சாரமும் இப்படித்தான். தண்ணீர் முட்டும் அழுத்தம் போன்றது மின் அழுத்தம். அதன் அளவு வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீர் போன்றது மின் ஓட்டம். அதன் அளவு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் தடைப்படும். அதுபோல மின்சாரத்துக்கும் தடை உண்டு. அதன் அளவு ஓம். ஜெர்மன் அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827-ல் இந்த விதியை நூலாக வெளியிட்டார்.

இரண்டே கணக்கு

நம் வீட்டுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ட். ஓர் இஸ்திரிப் பெட்டியில் 4 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். 230-ஐ 4-ஆல் வகுத்தால் 57.5 ஓம்.

இரண்டையும் பெருக்கினால் சக்தி கிடைக்கும். 230-ஐ 4-ஆல் பெருக்கினால் 920 வாட்.

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். மின்சாரக் கட்டணம் பிறப்பது இங்கேதான்!

உயிர் காக்கும் கணக்கு

தண்ணீர் காய வைக்கும் ஹீட்டரில் 2,000 வாட் என்று எழுதியிருக்கிறது. அதை 230-ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகலாமா? கூடாது! 16 ஆம்பியர் பிளக்குதான் வேண்டும்.

ஓட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடு நான்கு மடங்காகும். கம்பியின் மேலுறை உருகும்; தீப்பிடிக்கும். அதற்கு முன் தான் உருகி வீட்டைக் காப்பது பியூஸ் கம்பி. "அடிக்கடி போகிறதே" என்று தடித்த கம்பியைக் கட்டுவது, காவல்காரனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது!

தூரத்துப் பயணம்

நெய்வேலியின் முதல் இயந்திரம் 50 மெகாவாட். அதாவது 5 கோடி வாட். அதை 230 வோல்ட்டிலேயே அனுப்பினால் 2 லட்சம் ஆம்பியருக்கு மேல் ஓடும். எந்தக் கம்பி தாங்கும்?

ஆகவே டிரான்ஸ்பார்மர் மூலம் அழுத்தத்தை 2,30,000 வோல்ட்டாக உயர்த்துகிறார்கள். ஓட்டம் சுமார் 217 ஆம்பியராகக் குறைந்துவிடும். (மூன்று கம்பிகளில் செல்லும்போது ஒவ்வொன்றிலும் இன்னும் குறையும்.) சூடாக வீணாவதும் குறைகிறது. ஊர் எல்லையில் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கி வீட்டுக்குத் தருகிறார்கள்.

அந்த முதல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. இப்போது அங்கே 500 மெகாவாட் இயந்திரங்கள் ஓடுகின்றன.

இயந்திரம் மாறினாலும் கணக்கு மாறவில்லை. புதிய சாதனம் வாங்கினால் முதலில் அதன் வாட்டைப் பாருங்கள், 230-ஆல் வகுங்கள், பிறகு பிளக்கில் செருகுங்கள்!