ஃபில்டர் போட்டாச்சு, எடுப்பது எப்போது?

கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். திடீரென ஒரு கால் மட்டும் வீங்குகிறது. டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தொடைச் சிரையில் ரத்தக்கட்டி. கட்டி வளராமல் இருக்க ரத்தம் உறையாத மருந்து கொடுக்க வேண்டும். ஆனால் விழுந்ததில் தலையிலும் அடி. மூளைக்குள் லேசான கசிவு இருக்கிறது. மருந்து கொடுத்தால் கசிவு பெருகும். கொடுக்காவிட்டால் காலில் உள்ள கட்டி கழன்று, மேலேறி, நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்து ஆளையே கொண்டுபோய்விடும். இந்த இக்கட்டில்தான் ஐசியு வாசலில் நிற்கும் குடும்பத்திடம் மருத்துவர் சொல்வார்: "ஒரு ஃபில்டர் போட்டுடலாம்." காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இப்படிப்பட்ட நோயாளிக்கு அது பெரும்பாலும் சரியான முடிவுதான். பிரச்சினை தொடங்குவது பிறகு, அந்த ஃபில்டரை எல்லோரும் மறந்துபோகும்போது.

கால்களிலிருந்தும் வயிற்றின் கீழ்ப்பகுதியிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோவது கீழ்ப் பெருஞ்சிரை. அதற்குள் வைக்கும் ஐவிசி ஃபில்டர், துணி போன குடையின் கம்பிகளைப் போல இருக்கும். நுனிகளில் சிறு கொக்கிகள் சிரைச் சுவரைப் பற்றிக்கொள்ளும். 1973-ல் லாசர் கிரீன்ஃபீல்ட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் அறிமுகப்படுத்திய கூம்பு வடிவம்தான் பின்னால் வந்த பலவற்றுக்கும் முன்மாதிரி. அவருக்குக் கைகொடுத்தவர் எண்ணெய்க் குழாய்களைப் பற்றித் தெரிந்த ஒரு பெட்ரோலியப் பொறியாளர். கூம்பின் ஆழத்தில் 70 சதவீதம் வரை கட்டி நிரம்பினாலும், குறுக்குப் பரப்பில் பாதி திறந்தே இருக்கும். ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஃபில்டர் கட்டியைக் கரைக்காது, புதுக் கட்டி உருவாவதையும் தடுக்காது. கழன்று வரும் கட்டியை வழியில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எனவே உறையாத மருந்து எடுத்துக்கொள்ள முடிந்த ஒருவருக்கு இதைக் கூடுதல் பாதுகாப்பாகப் போட்டுவைப்பதில் பெரிய லாபம் இல்லை. 399 நோயாளிகளை வைத்து பிரான்சில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், மருந்தோடு ஃபில்டரும் போட்டவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட எந்த அனுகூலமும் தெரியவில்லை. ஆகவே குடும்பத்தார் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இவருக்கு ஏன் மருந்து கொடுக்க முடியாது?" அதற்கு நேரடியான பதில் இருந்தால் தயங்க வேண்டாம்.

போடும் முறை பயப்படும்படி இருக்காது. சில மணி நேரம் வெறும் வயிறு. சிறுநீரகக் கோளாறு, எக்ஸ்ரேயில் சிரை தெரிய ஏற்றும் சாயத்துக்கோ நிக்கல் உலோகத்துக்கோ ஒவ்வாமை, கர்ப்பம், சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை என்று எது இருந்தாலும் கேட்காமலே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கேத் லேப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்திலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். கூடவே தூக்கக் கலக்கம் தரும் மருந்தும் ஏற்றலாம். பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. அழுத்துவது தெரியும், வலிக்கக் கூடாது, வலித்தால் சொல்லலாம். சாயம் ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவும். படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டோமோ என்றுகூடச் சிலருக்குத் தோன்றும். அது சில நொடிகளில் அடங்கிவிடும். எக்ஸ்ரே திரையில் சிறுநீரகச் சிரைகள் வந்து சேரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் கீழே மெல்லிய குழாய் வழியாக ஃபில்டரை விடுவிப்பார்கள். அது உள்ளே விரிவது நோயாளிக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஊசி ஏறிய இடத்தைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிப்பார்கள்; தையல் இருக்காது. பிறகு சில மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். அந்த இடத்தில் ரத்தம் கசிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

அடுத்த கட்டத்துக்கு வருவோம். இன்று போடும் ஃபில்டர்களில் பல, திரும்ப எடுக்கக்கூடியவை. நுரையீரலுக்கான ஆபத்து நீங்கி, உறையாத மருந்தைப் பாதுகாப்பாகத் தொடங்கிய பிறகு, பெரும்பாலும் கழுத்து வழியாக ஒரு சுருக்குக் கம்பியை இறக்கி, ஃபில்டரின் தலையில் உள்ள கொக்கியை மாட்டி வெளியே இழுத்துவிடலாம். ஆனால் நாளாக ஆக கம்பிகள் சிரைச் சுவரில் பதிந்துபோகும், எடுப்பது கடினமாகும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தபோது, 2005 முதல் தனக்கு வந்த 921 புகார்களைச் சுட்டிக்காட்டியது. 328 பேருக்கு ஃபில்டர் இடம் நகர்ந்திருந்தது. 146 பேருக்குப் பாகங்கள் கழன்று போயிருந்தன. 70 பேருக்குச் சிரைச் சுவர் துளைபட்டிருந்தது. 56 பேருக்கு ஃபில்டரே உடைந்திருந்தது. போட்டுக்கொண்ட எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் தள்ளிவிடக் கூடிய எண்களும் இல்லை. அங்கே தயாரிப்பு நிறுவனங்கள் மீது ஆயிரக்கணக்கில் வழக்குகள் குவிந்தன. 2014-ல் அதே நிர்வாகம் ஒரு கணக்கீட்டைச் சொன்னது: நுரையீரல் அடைப்புக்கான ஆபத்து நீங்கியிருந்தால், போட்ட 29-ஆம் நாளுக்கும் 54-ஆம் நாளுக்கும் இடையிலேயே எடுத்துவிடுவதன் நன்மை ஓங்கத் தொடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. 1998-ல் வெளியான 400 பேர் கொண்ட பிரெஞ்சு ஆய்வில், நிரந்தர ஃபில்டர் போட்டவர்களுக்கு ஆரம்ப நாட்களில் நுரையீரல் அடைப்பு குறைந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் காலில் மறுபடி கட்டி வந்தவர்கள் அவர்களிடையேதான் அதிகம். உயிரிழப்பில் வேறுபாடு இல்லை.

இவ்வளவு தெரிந்தும் ஃபில்டர் ஏன் உள்ளேயே தங்கிவிடுகிறது? யாருடைய பொறுப்பு என்பதில்தான் ஓட்டை. எலும்பு மருத்துவர் எலும்பைப் பார்க்கிறார், நரம்பியல் மருத்துவர் மூளையைப் பார்க்கிறார், ஃபில்டர் போட்டவர் கேத் லேப்பில் ஒரே ஒருமுறை பார்த்த கதிரியக்க நிபுணர். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி: "ஐவிசி ஃபில்டர் வைக்கப்பட்டது." எப்போது எடுப்பது, யாரிடம் வருவது என்பது அதில் இராது. நோயாளிக்கோ நடக்க ஆரம்பித்ததே பெரிய விஷயம். எனவே போட்ட அன்றே கேளுங்கள்: இது எடுக்கக்கூடியதா, நிரந்தரமானதா? எந்தத் தேதியில், யாரைப் பார்க்க வேண்டும்? உறையாத மருந்து எப்போது தொடங்கும்? பதில் சம்மரியில் எழுத்தில் இருக்க வேண்டும். ஃபில்டர் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், மாடல், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கும்போதும், வேறு ஊரில் ஃபில்டரை எடுக்கும்போதும் முதலில் கேட்பது அதைத்தான். பெட்டியில் உள்ள அதிகபட்ச விலையை பில்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் தவறில்லை.

இவற்றைக் கேட்பது நோயாளியின் உரிமை. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கி, அந்தப் பெண்ணின் கருப்பையை அகற்றிய வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்து, மாற்று வழிகள் எல்லாம் சொல்லப்பட்ட பிறகு பெறுவதுதான் சம்மதம். சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவரின் சம்மதத்தை, அவசரமில்லாதபோது, உறவினர் கொடுக்க முடியாது. ஃபாரம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். அந்தப் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருப்பதுதான் விதி என்பதால், தள்ளிப்போடாமல் வாங்கிவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்தபின் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் வந்தால் 108-ஐ அழையுங்கள். இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் வீங்குவது ஃபில்டரே அடைத்துக்கொண்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். காரணம் தெரியாத முதுகு வலியையும் வயிற்று வலியையும் வாயுப் பிடிப்பு என்று விட்டுவிட வேண்டாம். ஃபில்டர் இருப்பதைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருவியிலேயே குறை என்று சந்தேகித்தால், 2015-ல் தொடங்கிய இந்திய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே புகார் அனுப்பலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. அங்கே நிர்வாகத்திடமும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் முறையிடலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் உடைந்தது என்பதாலேயே மருத்துவர் அலட்சியமாக இருந்தார் என்று ஆகிவிடாது. எச்சரிக்கையோடு செய்தாலும் வரக்கூடிய சிக்கல் அது. வழக்கு நிற்பதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இடம் வேறு: ஆபத்தைச் சொல்லாதது, எடுக்க வரச் சொல்லாதது, வந்தவரைத் திருப்பி அனுப்பியது. இவற்றுக்குச் சாட்சி காகிதம்தான். உடைந்த ஃபில்டரை எடுக்கும் நாள் வந்தால், வெளியே வந்தது எத்தனை துண்டு, உள்ளே எது மீதி என்பதை அறுவைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எடுத்த துண்டுகளைக் குப்பையில் போடாமல் லேபிள் ஒட்டிப் பத்திரப்படுத்தவும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.