முதல் விலை யார் சொல்வது? வியாபாரி பிடியை உடைத்த குமரி மீனவர்கள்!

நாகர்கோவில்:-

வடசேரி சந்தையில் அயிலைக்கும் சாளைக்கும் பேரம் பேசாதவர் யார்? ஐந்து ரூபாய் குறைக்கப் பத்து நிமிடம் மல்லுக்கட்டு நடக்கும். வாங்குகிறவருக்கு வாய் உண்டு. விற்கிறவருக்கும் வாய் உண்டு. ஆனால் அந்த மீனைப் பிடித்து வந்தவனுக்கு ஒரு காலத்தில் விலை பேச வாயே கிடையாது!

அலையில் உயிரைப் பணயம் வைத்தவன் அவன். விலை சொன்னவன் வேறு ஆள்.

இந்த அநியாயத்துக்கு முடிவு கட்ட மீனவர்களே சங்கம் அமைத்தார்கள். இராஜாக்கமங்கலம் துறையில் இருந்து கடற்கரையோரமாக மேற்கே போனால் அழிக்கால், பிள்ளைத்தோப்பு, அதை அடுத்து முட்டம். குமரி மாவட்டத்தில் இந்தக் கரையிலும் இந்த முயற்சி வேர் பிடித்தது. அதன் விவரம் வருமாறு:-

கடன் என்னும் தூண்டில்

கட்டுமரம் வாங்கப் பணம் வேண்டும். வலைக்கும் பணம் வேண்டும். பாங்கிக்குப் போனால் "ஈடு என்ன இருக்கு?" என்பார்கள். கடலைக் கைகாட்டினால் கடன் கிடைக்குமா?

ஆகவே வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார்கள். பல இடங்களில் அவர் வட்டிகூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. பிடிக்கிற மீனை எல்லாம் அவரிடமே போடவேண்டும்!

அவர் சொன்னதுதான் விலை. அவர் பிடித்ததுதான் கழிவு. கடல் கொந்தளித்துத் தொழில் நின்றுபோனால், வீட்டில் உலை வைக்க மறுபடியும் அவரிடமே கை நீட்டவேண்டும். கணவன் கடலில் இருக்க, வீட்டுக் கணக்கையும் கைமாற்றையும் சமாளித்தவர்கள் பெண்கள். இந்தக் கடனின் பாரம் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அசல் அடையவே அடையாது. அப்பன் பட்ட கடன் மகன் தலையில் விழுந்தது.

நார்வே அனுப்பாத சரக்கு

1952-ல் இந்தியாவுடன் நார்வே நாடு ஒப்பந்தம் செய்தது. மறுவருடம் கொல்லம் பக்கம் நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கியது. எந்திரப் படகு வந்தது. ஐஸ் வந்தது. பிறகு இறால் ஏற்றுமதி ஓகோ என்று நடந்தது. பணம் போட முடிந்தவர்கள் மேலே போனார்கள். கட்டுமரக்காரன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 1938-லேயே நார்வேயில் ஒரு சட்டம் வந்துவிட்டது. பிடித்த மீனை முதலில் விற்கும் உரிமை மீனவர்களின் விற்பனைச் சங்கங்களுக்கே என்பது அந்தச் சட்டம். நமக்கு எந்திரம் அனுப்பினார்கள். அந்தச் சட்டம் மட்டும் கப்பல் ஏறவில்லை!

மரியநாட்டில் விழுந்த பொறி

அந்த உரிமையை இங்கே மீனவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்ற மீனவக் குடியிருப்பில், 1970-ஐ ஒட்டி சங்கம் பிறந்தது. "எங்க மீனை நாங்களே ஏலம் விடுவோம்" என்பதுதான் அதன் கொள்கை. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? எதிர்த்துப் பார்த்தார்கள். சங்கம் அசையவில்லை.

பொறி குமரிக் கரைக்கும் பறந்தது. கோட்டாறு சமூக சேவைச் சங்கமும், அதில் உழைத்த பாதிரியார் ஜேம்ஸ் தோம்பரும் கடலோர ஊர்களில் மீனவர்களைத் திரட்டினார்கள். 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தோன்றியது. ஊருக்கு ஒரு சங்கம், மாவட்டத்துக்கு ஒரு சம்மேளனம், எல்லாவற்றுக்கும் மேலே கூட்டமைப்பு. இதுதான் அமைப்பு.

ஏலம் எப்படி?

படகு கரை ஏறியதும் சங்கத்தின் ஆள் எல்லோர் முன்னிலையிலும் ஏலம் விடுவார். கூடுதல் கேட்டவருக்கு மீன். கிடைத்த பணத்தில் ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கு. ஒரு பங்கு மீனவன் பெயரில் சேமிப்பு. கடன் இருந்தால் அதற்கு ஒரு பங்கு. மீதி அவன் கைக்கு.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மீன் நிறையப் பட்டால் கடனுக்குப் பிடித்தமும் நிறைய. படாத நாளில் பிடித்தமே இல்லை! மாதம் பிறந்தால் தவணை என்று கழுத்தை நெரிப்பது கிடையாது. கடலின் போக்குக்குத் தக்கபடி கடன் தீருகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. தினசரி என்ன பிடித்தான், என்ன விலைக்குப் போனது என்பது சங்க ஏட்டில் ஏறிவிடும். "ஈடு என்ன?" என்று கேட்ட பாங்கிக்கு அந்த ஏடே பதில் சொன்னது. சங்கத்தின் வழியாகக் கடன் வந்தது.

உறுப்பினராகக் கடலுக்குப் போகிறவனாக இருக்கவேண்டும். வியாபாரிக்கு உள்ளே இடம் இல்லை.

முட்டத்துப் படகு

கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறியது. முட்டம் படகு கட்டும் நிலையத்தில் பியேர் ஜில்லே என்ற ஐரோப்பியப் பொறியாளர் புது வழி கண்டார். தண்ணீரில் ஊறிக் கெடாத பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பில் கண்ணாடி இழையும் பசையும் பூசி, 1980-களில் சிறு படகுகள் உருவாயின. அதில் வெளிமோட்டாரும் ஏறியது. கட்டுமரம் எட்டாத தூரத்துக்கு மீனவன் போனான்.

தூண்டில் மறுபடியும்!

கதை இத்தோடு சுபம் என்று சொல்வதற்கில்லை. ஆழ்கடல் போகும் பெரிய படகுக்குப் பெரிய பணம் வேண்டும். சிறிய ஊர்ச் சங்கத்தால் அதைத் தாங்க முடியாது. குமரி மாவட்டப் பெரிய படகுகள் பல, கொச்சி போன்ற வெளித் துறைமுகங்களில் கரை ஏறுகின்றன. அங்கே முன்பணம் கொடுக்க ஏஜெண்டு காத்திருக்கிறார். பழைய நிபந்தனைதான்: மீன் என் வழியாகத்தான் போகவேண்டும்!

படகு பெரிதானது. தூண்டில் மாறவில்லை.

இது கடலோடு நிற்கிற சங்கதியும் அல்ல. தோவாளைப் பூ என்றாலும், நாஞ்சில் நாட்டு வாழைக்குலை என்றாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். முதல் விலை சொல்வது யார்? விளைவித்தவனா, முன்பணம் கொடுத்தவனா?

கையில் எழுத்தறிவோ சொத்தோ பெரிதாக இல்லாத கட்டுமரக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பதிலையும் தாங்களே எழுதினார்கள். அந்த ஏட்டை மூடாமல் பார்த்துக்கொள்வது இனி அவர்கள் பிள்ளைகள் பொறுப்பு.