பீங்கானுக்கு நல்ல மண், பயிருக்கு ஏழை மண்

பழைய வீடுகளின் மெயின் போர்டில் வெள்ளை வெளேரென்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக இருக்கும். கரண்ட் போனால் ஸ்டூல் போட்டு ஏறி, ஒன்றைப் பிடுங்கி, கம்பியைச் சுற்றி மறுபடி சொருகுவார்கள். அந்தக் கட்டை விருத்தாசலத்தில் செய்ததாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. செராமிக் தொழிற்பேட்டையும் அந்தத் தொழிலைக் கற்றுத்தர ஓர் அரசு நிறுவனமும் உள்ள ஊர் அது. ஃபியூஸ், இன்சுலேட்டர், ஜாடி, பொம்மை என்று பலதும் அங்கே சூளை ஏறுகின்றன. இதற்கெல்லாம் பக்கபலம் சில பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நெய்வேலிப் பள்ளம்.

நெய்வேலி என்றால் பழுப்பு நிலக்கரி நினைவுக்கு வரும். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957-இல் வெட்டத் தொடங்கி, 1961-இல்தான் கரியின் முகத்தைப் பார்த்தார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் மேலே கிடந்த மண்ணை அள்ளியே கழிந்தது. இன்றும் ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. அப்படி அள்ளிய மண்ணில் கரிக்கு அண்டையில் படிந்திருக்கும் வெள்ளைக் களிமண்தான் பீங்கானுக்கு ஆகிறது. மற்றதெல்லாம் தோண்டி முடித்த பள்ளத்துக்கே திரும்புகிறது. அப்படித் திரும்பிய மண்ணில் மறுபடி நெல்லோ மணிலாக் கடலையோ விளையுமா என்பதுதான் கேள்வி.

விடை அந்த வெள்ளைக் களிமண்ணிலேயே ஒளிந்திருக்கிறது. கருங்கல் பாறையில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்து பெய்து அதிலுள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம் எல்லாம் கரைந்தோட, மிஞ்சுவது கயோலினைட்; அலுமினாவும் சிலிக்காவும் நீரும் சேர்ந்து தகடு தகடாக அடுக்கிய களிமண். இரும்பு குறைவாக இருந்தால் சூளையில் சிவக்காது, வெண்மையாக வேகும். குயவர் செய்யும் சட்டிக்குச் செந்நிறம் தருவது இரும்பு. பீங்கானுக்கு அதுவே பகை.

பயிரின் கண்ணால் பார்த்தால் கதை தலைகீழ். வேருக்கு வேண்டிய சத்தெல்லாம் கழுவிப் போனதால்தான் அந்த மண் சுத்தமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, நாம் போடும் உரத்தையும் அது பிடித்து வைக்காது. களிமண் தகட்டின் எதிர் மின்னேற்றம்தான் பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் போன்ற நேர் அயனிகளைத் தன்னோடு இருத்திக்கொள்ளும். கயோலினைட்டில் அந்த மின்னேற்றம் மிகக் குறைவு. கரிசலில் உள்ள ஸ்மெக்டைட் களிமண் ஏறக்குறைய பத்து மடங்கு பிடிக்கும். மக்கிய இலைதழையின் மட்கு அதையும் மிஞ்சும். எந்தக் குணம் ஃபியூஸ் கட்டைக்குப் பெருமையோ அதுவே வயலுக்கு வறுமை.

சுரங்கத்தில் இதற்கு மேல் ஒரு சங்கடம் சேர்கிறது. ராட்சதச் சக்கர இயந்திரம் வெட்டி, கன்வேயரில் ஏற்றி, அப்பால் கொட்டும்போது பூமியின் அடுக்கு குலைந்துபோகிறது. வெயிலே பார்க்காத அடிமண் மேலே வந்து கிடக்கும். அதில் மட்கு இல்லை, மண்புழு இல்லை, வேரோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சை இல்லை. விளைநிலத்தின் மேல் ஓர் அடி மண்ணை முதலிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது அதனால்தான். அதையும் மலையாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்பார்கள். மேல்மண்ணைக் குப்பையோடு கொட்டிவிட்டுப் பின்னால் தேடுகிறவருக்கு அந்த அருள் கிட்டாது. 2023 ஜூலையில் நெய்வேலி நிறுவனம் வளையமாதேவி கிராமத்தில் கதிர் வரும் பருவத்து நெல்வயலில் இயந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டியபோது ஊர் கொதித்தது பயிருக்காக. பயிர் ஒரு போகத்து நட்டம். அதன் அடியில் இருந்த மண் நூற்றாண்டுகளின் சேமிப்பு.

மண்ணைச் செயற்கையாகச் செய்ய முடியாதா? முடியும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இதே பீங்கான் களிமண் வெட்டிய ஒரு பள்ளம், சுமார் 60 மீட்டர் ஆழம். 2001-இல் அதற்குள் ராட்சதக் குமிழிக் கூடங்கள் கட்டி மழைக்காட்டையே வளர்த்தார்கள். ஈடன் ப்ராஜெக்ட் என்று பெயர். களிமண் ஆலைக் கழிவு மணலில் மக்கிய மரப்பட்டையையும் கம்போஸ்டையும் கலந்து 85,000 டன் மண்ணை அங்கே தயாரித்தார்கள். ஆனால் அது நுழைவுக் கட்டணம் வாங்கும் ஒரு தோட்டம். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு அந்தச் செலவை யார் தாங்குவது?

நம் பக்கத்தில் வழி மெதுவானது. தொழு உரம் இட்டு, சணப்பை, தக்கைப்பூண்டு விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழுவது. காற்றின் நைட்ரஜனை வேர் முடிச்சில் பிடிக்கும் பயறுகளைச் சுழற்சியில் கொண்டுவருவது. ஏழை மண்ணுக்குப் பழகிய முந்திரியை ஓரங்களில் நடுவது. வேடிக்கை என்னவென்றால், முந்திரிக்கும் மணிலாவுக்கும் வி.ஆர்.ஐ. ரகங்களை வெளியிட்ட வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் அதே விருத்தாசலத்தில்தான். பீங்கான் வார்க்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு தேய்ந்து குப்பைக்குப் போகிறதே, அது வேதியியல்படி ஜிப்சம். மணிலாக்காரர் காய் திரளப் பூமியில் போடும் அதே ஜிப்சம். பக்கத்தில் குவிந்திருக்கும் உடைந்த பீங்கானோ மண்ணுக்குத் திரும்பாது. 600 டிகிரி தாண்டியதும் களிமண் தன் கட்டமைப்பில் இருந்த நீரை இழந்துவிடுகிறது. பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது குழையாது. பொடித்துப் புதுக் களிமண்ணில் கலக்கலாம், அவ்வளவுதான்.

பசுமையைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. ஜெர்மனியின் லவுசிட்ஸ் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரிப் பள்ளங்களை ஏரிகளாக்கினார்கள். படகு, விடுதி, சுற்றுலா எல்லாம் வந்தன. ஆனால் கரிப்படுகையில் இருந்த இரும்பு சல்பைடு காற்றோடும் நீரோடும் சேர்ந்து கந்தக அமிலமாகிப் பல ஏரிகளைப் புளிப்பாக்கிவிட்டது. படகில் சுண்ணாம்பு ஏற்றிப் போய்த் தூவுகிறார்கள். அதே நாட்டில் நாக்டர்ஸ்டெட் என்ற ஊரில், பழைய சுரங்கக் கழிவு மேட்டில் கட்டிய வீடுகள் 2009 ஜூலையில் கரையோடு சரிந்து ஏரிக்குள் போயின, மூவர் இறந்தார்கள். கொட்டிய மண் அணை போல இறுக்கியதல்ல, நீர் ஏறினால் கூழாகிவிடும். அதனால் மூடிய பள்ளத்தில் வீட்டுமனை போடுவதைவிட உழவு செய்வதே பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

சுரங்கத்தை மூடும் செலவுக்கு, அதற்கென்றே ஒதுக்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்று 2009 முதல் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் விதி இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்கும் அது பொருந்தும். நட்ட மரங்களை எண்ணுவது எளிது. தைலமரம் எதிலும் வளரும். அங்ககக் கரிமம் எவ்வளவு ஏறியது, மண்புழு வந்ததா, உரமில்லாமல் ஒரு போகம் உளுந்து எத்தனை மூட்டை கண்டது என்று எண்ணினால்தான் நிலம் மீண்டதா என்று தெரியும். அந்த அளவை எடுக்கத் தெரிந்தவர்கள் விருத்தாசலத்திலேயே இருக்கிறார்கள்.