குழந்தையோடு மலையேறும் குடும்பங்களுக்கு

சமவெளிப் பிள்ளைகள், பாறை மலைகள்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மலை கிடையாது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் பாயும் இந்தச் சமவெளியில் ஒரு குழந்தை ஏறிப் பழகும் உயரம் ஏரிக்கரையும் வீட்டு மாடியும்தான். மலை என்றால் வேன் பிடித்துப் போக வேண்டும். பக்கத்தில் இருப்பது மயிலம் முருகன் கோயில் குன்று. அதைத் தாண்டினால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, சுமார் 800 அடி உயரம். இன்னும் மேற்கே, அடிவாரத்தில் ஒரு நகரமே வாழும் அண்ணாமலை, 2,668 அடி. அதைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர்.

மூன்றுமே பாறை மலைகள். பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்ளும் பாறை, பொழுது சாய்ந்த பிறகும் சூட்டை விடாது. பெரியவர்களை விடச் சிறு குழந்தையின் உடல் வெயிலில் வேகமாகச் சூடேறும், வியர்வையும் குறைவு. தாகம் எடுத்தாலும் விளையாட்டுக் கவனத்தில் கேட்காது.

குழந்தையோடு போவதற்கு அண்ணாமலையில் ஏற்ற வழி, ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமம் செல்லும் கல் பாவிய பாதை. வழியில் மரநிழல் உண்டு. களைத்தால் உட்காரலாம், திரும்பியும் விடலாம். உச்சிக்கு ஏறுவது முற்றிலும் வேறு விஷயம். அது வனத்துறையின் தடைக்கு உட்பட்டது, அந்தத் தடைக்குக் காரணமும் இருக்கிறது. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு விழுந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். அந்த மாதமே வந்த கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தடையை மீறிக் குறுக்குவழி காட்ட ஆள் கிடைக்கிறார் என்பதற்காக மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவது பக்தியில் சேராது.

சிகிச்சைக்கு வந்து சேரும் நேரம்

இத்தகைய பயணங்களில் குழந்தைக்கு ஆபத்தைக் கூட்டுவது பெரும்பாலும் தாமதம்தான். முற்பகல் 11 மணிக்குக் குழந்தை சோர்ந்து "தூக்கு" என்று அழுகிறது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மேலே போய்த் தரிசனம் முடித்துவிடலாம் என்று குடும்பம் ஏறுகிறது. மதியம் குழந்தை வாந்தி எடுக்கிறது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். பிறகு அது எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடக்கிறது. அசந்து தூங்குகிறது என்று வேனில் படுக்க வைக்கிறார்கள். நம்ம ஊருக்கே போய்க் காட்டிக்கொள்ளலாம் என்று ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தாண்டி, கோரிமேட்டில் ஜிப்மருக்கோ எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ வரும்போது இருட்டிவிடுகிறது.

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, செஞ்சியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. புதுச்சேரி ரேஷன் கார்டு அங்கே செல்லாதே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அவசரச் சிகிச்சைக்கு மாநில எல்லை கிடையாது. 108 இரு மாநிலங்களிலும் வரும். வெப்பம் தாக்கிய குழந்தைக்கு முதல் அரைமணி நேரம் தரும் பயனை, ஊர் வந்து சேர்ந்த பிறகு எந்தப் பெரிய மருத்துவமனையாலும் முழுதாக மீட்டுத் தர முடியாது.

"ஏறும்போது தண்ணீர் குடிக்காதே"

மலையேறும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றில் குத்தும், மேல்மூச்சு வாங்கும் என்ற நம்பிக்கை கிராமங்களில் வலுவாக இருக்கிறது. இது தவறு, குழந்தைகள் விஷயத்தில் ஆபத்தான தவறும்கூட. கேட்டாலும் கேட்காவிட்டாலும் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை சில மடக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது போனது அடர்மஞ்சளாக இருக்கிறது என்றால் ஏற்றத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். வெயிலில் தாகமாக இருக்குமே என்று தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ ஊட்டக் கூடாது. அந்த வயதுக் குழந்தையை வெயில் ஏறிய மலைக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

அடுத்த குழப்பம் ஓ.ஆர்.எஸ். 1971 வங்கதேசப் போரின்போது பன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து உயிர்களைக் காத்தார். அந்த வழியில் வந்த கரைசலுக்கு அளவுதான் உயிர். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில், ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது, சிறியது 200 மில்லிக்கானது. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுத்தால் ரத்தத்தில் உப்பு ஏறிக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கொஞ்சம் பொடியை எடுத்துப் பாட்டிலில் போட்டு, மீதியை மடித்து வைப்பதும் வேண்டாம். அளவு கெட்ட கரைசல் மருந்தாகாது.

அட்டைப்பெட்டியில் உறிஞ்சுகுழாயோடு வரும் பழச்சுவைப் பானங்களைப் பல தாய்மார்கள் ஓ.ஆர்.எஸ். என்றே நம்பி வாங்கினார்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரை மிகுதி. உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குளுக்கோஸ் பவுடர், பன்னீர் சோடா, கூல்டிரிங்க்ஸ் எதுவும் இழந்த உப்பை ஈடுசெய்யாது. வீட்டில் உப்புப் போட்டுக் கடைந்த நீர்மோர் எவ்வளவோ மேல்.

மொட்டைத் தலையும் வெறுங்காலும்

வேண்டுதலுக்குக் குழந்தைக்கு மொட்டை அடித்து, சந்தனம் பூசி, அந்தத் தலையோடேயே உச்சி வெயிலில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். சந்தனம் தலையைக் குளிர்விக்கும் என்பது நம்பிக்கை. புதிதாக மழித்த தோலை அது வெயிலிலிருந்து காக்காது. அகல விளிம்புள்ள பருத்தித் தொப்பி காக்கும். பங்குனி உத்திரத்துக்குக் காவடியோடு போகும் பிள்ளைகளின் பாதங்கள் கல்லிலும் தார்ச்சாலையிலும் கொப்பளித்துப் போகின்றன. பெரியவரின் பாதம் தாங்கும் சூட்டைக் குழந்தையின் பாதம் தாங்காது. கொப்புளத்தில் பற்பசையோ மாவோ பூசாமல் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டினால் போதும்.

தோளில் உட்கார வைப்பது, துப்பட்டாவில் தூளி கட்டி மாட்டிக்கொள்வது இரண்டுமே ராஜகிரியின் ஏற்ற இறக்கமான படிகளில் கூடாது. தூக்குபவர் இறங்கும்போது சறுக்கினால் முதலில் அடிபடுவது குழந்தையின் தலை. உடலோடு இறுகிய தூளியில் சூடும் ஏறும், தலை சாய்ந்து மூச்சும் அடைபடும். தன் காலால் நடக்க முடிந்த தூரம்தான் குழந்தைக்கு உரிய மலை. தூக்குவது திரும்பி வருவதற்கு மட்டும்.

தூங்க வைக்கும் சளி மருந்து

வேனில் அடம் பிடிக்கக் கூடாது, வாந்தி எடுக்கக் கூடாது என்று புறப்படும்போதே ஒரு மூடி சளி மருந்து ஊற்றும் வழக்கம் பரவியிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறார்கள். இவற்றில் சிலவற்றில் உள்ள புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாத மருந்து, மூச்சை அடக்கிவிடும். அது வியர்வையையும் குறைக்கும். வெயிலில் குழந்தையின் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வைத்திருக்கும் முக்கிய வழியை அடைத்துவிட்டு மலையேற்றுவது என்ன நியாயம்? குளோர்பெனிரமைனும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் அறிவித்தும் பழக்கம் நிற்கவில்லை.

உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது அடுத்த தவறு. வெயிலால் ஏறிய சூட்டை அது இறக்காது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் அவ்வளவு அடர்த்தி இல்லை. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் ஈரல் கெடும். பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதைக் குழந்தைக்குத் தொடவே கூடாது.

மயங்கிய குழந்தைக்கு

உடல் சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய், குழந்தை குழறினாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம். தெர்மாமீட்டர் தேடி நேரம் போக்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைக் களைந்து, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். ஈரத்துணியால் இறுகப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கும். கையில் இரும்புச் சாவி, மூக்கில் வெங்காயம், உச்சியில் விளக்கெண்ணெய் எதற்கும் பயனில்லை. நினைவில்லாத குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். மருத்துவமனையில் ரத்த உப்புகள், சர்க்கரை, சிறுநீரகம், ஈரல் சோதிக்கப்படும்.

இறங்கி வந்து தூங்கும் குழந்தையைச் சாத்திய வண்டியில் விட்டுச் சாப்பிடப் போவதும் இதே ஆபத்துதான். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு ஏறத்தாழ 10 டிகிரி கூடும்.

குரங்கு, தேள், பாம்பு

செஞ்சியிலும் திருவண்ணாமலையிலும் குரங்குகள் குழந்தையின் கையைத்தான் பார்க்கும். தின்பண்டத்தைக் கையில் கொடுக்காதிருந்தாலே பாதிக் கடி குறையும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு அப்புவது புண்ணைக் கெடுக்கும், ரேபிஸ் கிருமியைக் கொல்லாது.

தேள் கொட்டிய இடத்தில் புளியங்கொட்டை உரசி ஒட்டுவதும் மந்திரிப்பதும் இன்னும் நடக்கிறது. செந்தேள் விஷம் சிறு குழந்தையின் இதயத்தைத் தாக்கும். வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கைகால் சில்லிடுவது அறிகுறிகள். மகாராஷ்டிரத்தின் மஹாடில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இதற்குப் பிரசோசின் மாத்திரை உதவும் என்று நிறுவி, எத்தனையோ பிள்ளைகள் பிழைக்க வழி செய்தார். நேரத்தோடு கொண்டுவந்தால்தான் அதுவும் பலிக்கும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட கை காலை அசையாமல் வைத்துத் தூக்கிவர வேண்டும். ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடச் சோதனை செய்வார்கள்.

புறப்படும் முன்

அன்புகூர்ந்து விடியற்காலையில் ஏறுங்கள், ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் சிறு குழந்தையை வீட்டில் பாட்டியிடம் விட்டுப் போங்கள். காய்ச்சலோ பேதியோ நின்று இரண்டு நாள் ஆகாத பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். வீசிங் உள்ள குழந்தையின் இன்ஹேலரும் ஸ்பேசரும் பையில் இருக்கட்டும். குழந்தை "முடியல" என்று சொன்னால் நம்புங்கள், பாதி மலையில் என்றாலும் இறங்குங்கள். வேண்டுதலை அடுத்த மாதம் முடித்துக்கொள்ளலாம்.

குரங்குக் கடிக்கு முதல் ரேபிஸ் தடுப்பூசியைத் திருவண்ணாமலையில் போட்டுக்கொண்டாலும் மீதியை வில்லியனூர், பாகூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கேட்டு, 3, 7, 28ஆம் நாட்களில் தவறாமல் போட வேண்டும். சீட்டைத் தொலைக்காதீர்கள். புண் ஆறிவிட்டது என்று 28ஆம் நாள் ஊசியை விட்டுவிடாதீர்கள்.