கிறீஸ் பூதம் வந்த நோன்பு மாதம்

2011 ஆகஸ்ட், நோன்பு மாதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு நானுஓயாத் தோட்டங்களுக்கும் ஏறி வந்தது. பீலித் தண்ணீர்ச் சண்டையில் முகம் பாராதிருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே காம்பிராவில் படுத்தன, தலைமாட்டில் கவ்வாத்துக் கத்தி.

பூதம் அகப்படவில்லை, அகப்பட்டது மனுசர்தான். அப்புத்தளையில் இருவர் சந்தேகத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டனர். பிடித்துக் கொடுத்தாலும் பொலிஸ் விட்டுவிடும் என்ற எண்ணம்தான் கிழக்கிலும் புத்தளத்திலும் கூட்டத்தை மூட்டியது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரே பலியானார்.

1938இல் அமெரிக்க வானொலியின் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகத்தால் எழுந்த பீதி, பெரும்பாலும் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்தது என்கிறார்கள். இங்கே பீதி நிஜம். பத்து வருஷமாகப் புடவை கொண்டுவந்த எங்கட பொட்டணி வியாபாரி, தீபாவளி வரைக்கும் லயத்துப் பக்கம் ஏறவேயில்லை. கொடுத்த கடனும் வசூலாகவில்லை.