காளிக்கு நூடுல்ஸ் படையல்

சந்தேகப்பட்ட நாட்டையே சொந்த நாடாக்கிக்கொண்ட கொல்கத்தா சீனர்கள்

கிழக்குக் கொல்கத்தாவின் டாங்ரா பகுதியில் உள்ள காளி கோயிலில் பிரசாதமே புதுமை. நூடுல்ஸும் சாப்சூயியும் அம்மனுக்குப் படைக்கப்படுகின்றன. பூஜை செய்பவர் வங்காளி அர்ச்சகர். கோயிலைக் கட்டியவர்களும் பராமரிப்பவர்களும் சீனர்கள். மரத்தடியில் இருந்த குங்குமம் பூசிய கற்களை வணங்கத் தொடங்கி, கோயிலே எழுப்பிவிட்டனர்.

இவர்களின் கதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. வாரன் ஹேஸ்டிங்ஸ் கொடுத்த நிலத்தில், ஹூக்ளி நதிக்கரையில், டோங் அச்சூ என்ற சீன வணிகர் சர்க்கரை ஆலை அமைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர்தான். சீனப் புத்தாண்டையொட்டி அங்குள்ள அவரது கல்லறைக்குச் சென்று ஊதுவத்தி ஏற்றுவது வழக்கம்.

பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொண்டனர். காண்டன் பகுதியினர் தச்சு வேலை, ஹூபே மாகாணத்தவர் பல் வைத்தியம், ஹக்கா இனத்தவர் தோல் பதனிடுவதும் காலணி தயாரிப்பும். பலர் தொடத் தயங்கிய தோலைத் தொட்டு டாங்ராவை வளர்த்தவர்கள் ஹக்காக்கள்.

1962இல் எல்லாம் தலைகீழானது. சீனாவுடன் போர் மூண்டதும், முகஜாடையே குற்றமாகிவிட்டது. அசாம், ஷில்லாங், டார்ஜிலிங் என்று பல இடங்களிலிருந்தும் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். குழந்தைகளும் கிழவர்களும் அதில் அடக்கம். இந்தியாவில் பிறந்தவர்கள் என்பதும் அவர்களைக் காப்பாற்றவில்லை. சிலர் வெளியே வர 1967 வரை ஆனது. திரும்பிப் பார்த்தால் பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. முகாமுக்குப் போகாதவர்களும் போலீஸ் கண்காணிப்பில் வாழ நேர்ந்தது.

பலர் கனடாவுக்குக் கிளம்பினர். 1996இல், சுற்றுச்சூழல் மாசைக் காரணம் காட்டி, தோல் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே மாற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் இன்னும் பலர் வெளியேறினர். ஒரு காலத்தில் சுமார் 20,000 பேர் இருந்த நகரத்தில் இன்று சில ஆயிரம் பேரே மிச்சம். தோல் மணம் போய், டாங்ராவில் சீன உணவகங்களின் சோயா சாஸ் மணம் வந்துவிட்டது.

அந்த மணம் நாடு முழுக்கப் பரவியதற்கும் இவர்களே காரணம். சிக்கன் மஞ்சூரியனை 1975இல் மும்பையில் உருவாக்கியதாகச் சொல்லப்படும் நெல்சன் வாங், கொல்கத்தாவில் பிறந்தவர். நம் ஊர்த் தள்ளுவண்டியில் பொரியும் கோபி மஞ்சூரியனும் அந்த வழி வந்ததுதான். சீனாவில் தேடினால் கிடைக்காது.

2020இல் கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் பலியானபோது, டாங்ரா சீனர்கள் இந்திய ராணுவத்தை ஆதரிக்கும் பதாகைகளுடன் தெருவில் இறங்கினர். நாட்டுப்பற்றில் சந்தேகமில்லை. ஆனால் 1962ஐ மறக்காதவர்களுக்கு அது முன்னெச்சரிக்கையும்கூட. பக்கத்துத் தெரு வங்காளி எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று தெரிய டொரான்டோவுக்குப் போனால் போதும். கொல்கத்தாவிலிருந்து அங்கே குடியேறிய ஹக்காக்கள் உணவகம் நடத்துகிறார்கள். பச்சை மிளகாயும் இஞ்சியும் பூண்டும் தூக்கலாக, அவர்கள் அங்கே விற்பது இந்தியச் சாப்பாடு.