உங்களுக்குத் தெரியுமா? கொடை விழா பேனருக்கு எந்த ஏஐ?

✦ ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் ஃபிளெக்ஸ் கடைக்கு வருகிறவர் இப்போது போனிலேயே ஏஐ படத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். "இதயே பத்துக்கு எட்டுல போட்டுக் குடுங்கண்ணே" என்கிறார். போனில் அந்தப் படம் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் பல கருவிகள் சாதாரணமாகத் தருவது 1024 பிக்சல் அகலம். ஆஃப்செட் அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ கணக்கில் அது மூன்றரை அங்குலம்கூட வராது. ஏ3 காலண்டருக்கு 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிற பேனர் ஓரளவு தப்பிக்கும், கையில் பிடித்துப் பார்க்கிற கல்யாணப் பத்திரிகை தப்பாது.

✦ "பெரிதாக்கிக் கொடு" என்று இன்னொரு ஏஐயிடம் விட்டால் அது பிக்சலை இழுப்பதில்லை. இல்லாத விவரத்தைப் புதிதாக வரைகிறது. அம்மன் காதில் இருந்த தோடு பெரிதாக்கிய படத்தில் ஜிமிக்கியாக மாறியிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

✦ திரையில் மின்னும் கிளிப்பச்சையும் மயில்நீலமும் சிவகாசியில் அச்சாகி வந்ததும் மங்கிப்போவது ஏன் தெரியுமா? ஏஐ தருவது சிவப்பு, பச்சை, நீல ஒளியில் அமைந்த ஆர்ஜிபி படம். அச்சகத்தில் ஓடுவது நான்கு மை: சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒளியில் வருகிற சில நிறங்கள் மையில் பிறக்கவே பிறக்காது. படத்தை முதலிலேயே சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிக் காட்டிவிட்டால் வாடிக்கையாளரோடு வருகிற பாதிச் சண்டை குறையும்.

✦ "கோ" என்ற ஓர் எழுத்துக்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். பட ஏஐ எழுத்தைத் தட்டச்சு செய்வதில்லை, கோலம் போடுவதுபோல வரைகிறது. அதனால்தான் "கோவில் கொடை விழா" என்று கேட்டால் பல கருவிகள் தமிழும் மலையாளமும் கலந்த ஏதோ ஒன்றைத் தருகின்றன. புதிதாக வந்தவை, குறிப்பாக 2025 நவம்பரில் கூகுள் வெளியிட்ட நானோ பனானா ப்ரோ, எழுத்தில் எவ்வளவோ தேறியிருக்கின்றன. ஆனாலும் என் கட்சி இதுதான்: படத்தை ஏஐயிடம் வாங்குங்கள், எழுத்தை ஃபோட்டோஷாப்பிலோ கோரல்டிராவிலோ நீங்களே போடுங்கள். உபயதாரர் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கேள்வி உங்களிடம்தான் வரும், கலிஃபோர்னியாவுக்குப் போகாது.

✦ சிதம்பரத்தில் நடராசர் தூக்கிய திருவடி இடது. மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியதால் வலது. குற்றாலம் சித்திர சபையிலோ அவர் சிலையாக இல்லை, ஓவியமாகவே வழிபடப்படுகிறார். இந்த நுணுக்கமெல்லாம் ஏஐக்குச் சொல்லித்தான் தெரியவேண்டும். சொன்னாலும் சில நேரம் ஐந்தாவது கை முளைக்கும். கைகளையும் ஆயுதங்களையும் எண்ணிப் பார்த்த பிறகே பணம் வாங்குவது நல்லது.

✦ கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்களைப் பூஜையறையில் பார்க்காத வீடு இந்தப் பக்கம் அபூர்வம். சென்னையில் ஓவியம் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். மாணவர் பரம்பரை ஒன்றையே உருவாக்கியவர். சிவகாசிக் காலண்டர்கள் அவரையும் அவர் மாணவர்களையும் வீடுதோறும் கொண்டுசேர்த்தன. அவர் மறைந்தது 1976-ல். இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். ஆக, 2036 முடியும்வரை அந்தப் படங்கள் யாரோ ஒருவரின் சொத்து. காசு கொடுத்து வரையச் சொன்ன கம்பெனியிடமே உரிமை இருக்கவும் வாய்ப்புண்டு. 1906-ல் மறைந்த ரவிவர்மாவின் படங்களுக்கு இந்தத் தடை இல்லை.

பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது. "பழைய காலண்டர் பாணியில் கஜலட்சுமி" என்று கேட்பதில் தவறில்லை. கொண்டையராஜுவின் படத்தையே ஸ்கேன் பண்ணி ஏற்றி, "சேலை நிறத்தை மட்டும் மாற்று" என்பது வேறு கதை.

✦ உரிம விஷயத்துக்கு வருவோம். மிட்ஜர்னி என்ற பட ஏஐயில் ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டும் நிறுவனம் ப்ரோ அல்லது மெகா சந்தாதான் எடுக்கவேண்டும். ஸ்டெபிலிட்டி ஏஐயின் சமூக உரிமத்திலும் அதே பத்து லட்சம்தான் எல்லை; அதற்குக் கீழே இலவசம். ஃபிளக்ஸ் என்ற பட ஏஐ மாதிரிகளில் ஷ்னெல் முழுக்கத் திறந்தது, அதன் தம்பி டெவ்வைத் தொழிலுக்கு ஓட்டத் தனி உரிமம் கேட்பார்கள். பேர் ஃபிளக்ஸ் என்பதால் ஃபிளெக்ஸ் கடைக்கே செய்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

✦ "எங்களுடையது சுத்தமான படங்களில் பயின்றது" என்று அடோபி ஃபயர்ஃபிளை 2023-ல் வந்தது. அடோபி ஸ்டாக் படங்களும் உரிமைக்காலம் முடிந்த படங்களும்தான் அதன் பாடப்புத்தகம். அந்தப் பாடப்புத்தகத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் ஏஐ வரைந்த படங்களே என்று 2024 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் எழுதியது. அதில் மிட்ஜர்னி படங்களும் உண்டு. அந்த மிட்ஜர்னி மீது டிஸ்னியும் யுனிவர்சலும் 2025 ஜூனில் வழக்குப் போட்டன. இத்தனைக்குப் பிறகும் பெரிய கம்பெனி விளம்பர வேலை என்றால் நான் ஃபயர்ஃபிளையைத்தான் சொல்வேன். பெரிய வாடிக்கையாளர்களுக்கு வழக்கு வந்தால் தாங்கிக்கொள்வதாக அடோபி உறுதி கொடுக்கிறது.

✦ கண்ணீர் அஞ்சலி பேனர்தான் மிகக் கவனம் வேண்டிய வேலை. ரேஷன் கார்டிலிருந்து எடுத்த மங்கலான படத்தைக் கொடுத்து "ஐயா முகத்தைத் தெளிவாக்குங்க" என்பார்கள். ஏஐ தெளிவாக்கும், ஆனால் அது வேறொரு ஐயாவாக இருக்கும். சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் பிறந்த கோட்ஃபார்மர் என்ற முகம் தெளிவாக்கும் கருவியில் இதற்கென்றே 0 முதல் 1 வரை ஓர் அளவு உண்டு. 0 பக்கம் தள்ளினால் முகம் பளபளக்கும், 1 பக்கம் தள்ளினால் உள்ள சாயல் மிஞ்சும். அஞ்சலிக்கு 1 பக்கமே சரி. ஒரு சிக்கல், கோட்ஃபார்மரின் உரிமம் வணிகத்துக்கு இடம் தராது. அதே வேலையைச் செய்யும் ஜிஎஃப்பிகானின் உரிமத்தையும் தொழிலில் இறக்கும் முன் படித்துப் பாருங்கள். எதில் செய்தாலும் வீட்டாரில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அச்சிடுங்கள். பேரனைவிட மகளிடம் காட்டுவது நல்லது.

✦ ஏஐ வரைந்த படம் யாருக்குச் சொந்தம்? நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-லேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர். அது இன்றைய ஏஐக்குப் பொருந்துமா என்று கேட்டால் வக்கீல்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். "சூர்யாஸ்த்" என்ற படத்துக்கு ராகவ் என்ற ஏஐயைக் கூட்டு ஆசிரியராகச் சேர்த்து 2020-ல் இந்தியாவில் பதிவே கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் போனது. அமெரிக்கா 2023-ல் அதே படத்துக்குப் பதிவு தர மறுத்துவிட்டது. கடைக்கு லோகோ செய்கிறவர் இதை யோசிக்கவேண்டும்: முழுக்க ஏஐ போட்டதென்றால் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துக்கொண்டாலும் தடுப்பது கஷ்டம்.

✦ திறப்பு விழா பேனரில் ரஜினி கும்பிடுகிற மாதிரி ஏஐ நொடியில் போட்டுத்தரும். ஆனால் அவர் பெயரையும் தோற்றத்தையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 2015-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது இந்த மாதிரி பட ஏஐ இல்லை, சிக்கியது ஓர் இந்திப் படம்.

✦ குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் லாட்ஜ் விளம்பரங்களும் தொடங்கும். ஜன்னலைத் திறந்தால் அருவி கொட்டுகிற அறையை ஏஐ அழகாக வரையும். அப்படியோர் அறை லாட்ஜில் இல்லையென்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். அறையைப் போனில் ஒரு போட்டோ எடுத்துப் போடச் செலவே இல்லை.

✦ கூகுள் கருவியில் உருவான படத்துக்குள் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத முத்திரை இருக்கும். வாட்ஸப்பில் வருகிற மெயின் அருவி வெள்ளப் படத்தின் மேல் சந்தேகம் வந்தால் ஜெமினியில் ஏற்றிக் கேட்கலாம். கூகுளில் பிறந்தது என்றால் சொல்லும். வேறு கருவியில் பிறந்திருந்தால் அந்த முத்திரை இல்லாமல் இருக்கலாம்; அதை வைத்து அசல் படம் என்று முடிவுகட்டாமல் ஐந்தருவிப் பக்கம் கடை வைத்திருக்கிற யாருக்காவது போன் போடுங்கள்.